பெயர் கேட்ட தொழிலாளரும் திருச்சபையும்

தொழிற்சங்கம் என்னும் சொல் நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே ஒலிக்கிறது. ஒலிக்கும்போதும் அது பெரும்பாலும் ஓர் எச்சரிக்கைச் சொல்லாகவே ஒலிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தொழிற்பகுதியில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும், நாளை அங்கு அனுப்பப்படவிருக்கும் இறையியல் மாணவர்க்கும் இந்நிலை போதாது. 2024ஆம் ஆண்டில் சுங்குவார்சத்திரத்தில் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்வைத்து, தொழிற்சங்கம் என்பது யாது, அது அடித்தளத்தினின்று எவ்வாறு எழுகிறது, அதனைத் திருச்சபை எக்கண்கொண்டு நோக்குதல் தகும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இராமாநுசர் பிறந்த தலம் என்று பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் வேறொரு பெயரையும் பெற்றுவிட்டது. 1996இல் ஹுண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 2006இல் நோக்கியா வந்தது. 2007இல் சாம்சங் சுங்குவார்சத்திரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றைச் செய்யும் ஆலையை நிறுவியது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என வரிசை நீண்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இன்று நிறுவனப் பேருந்துகள் மூன்று முறைப்பணிக்கும் ஆள் ஏற்றி இறக்குகின்றன. தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கின்றனர். இவர்களுள் நம் சபைகளின் பிள்ளைகள் பலர். திடப்படுத்தல் ஆராதனையில் நாம் கைவைத்து ஆசீர்வதித்த பிள்ளை அடுத்த ஆண்டே ஒப்பந்தக்காரர் ஒருவரின் விடுதியில் படுத்துறங்குகிறாள். அவளுடைய சபைச் சான்றிதழ் ஊர்ச் சபையிலேயே இருக்கிறது. அவள் எந்த ஆயரின் மேய்ப்புக்கும் உட்பட்டவளல்லள்.

இந்நிலையின் விளைவு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளை ஒருங்கிணைக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் வழங்கப்பட்ட உணவு நஞ்சாயிற்று. 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவியது. அதை மறுத்து உண்மையைக் கூற அப்பெண்கள் நம்பத்தக்க ஒருவரும் இல்லை. ஆகவே டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஆப்பிள் நிறுவனம் அவ்வாலையைத் தன் கண்காணிப்பின்கீழ் வைத்தது. விடுதிகளில் பலர் தரையில் படுத்ததும், கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தன.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சோறு கெட்டுப்போயிற்று என்று சொல்வதற்கு அப்பெண்களுக்கு நெடுஞ்சாலையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. ஆலை ஒருவருடையது, விடுதி மற்றொருவருடையது, சமையல் மூன்றாமவருடையது. யாரிடம் முறையிடுவது? முறையிடுவோர் யார் பெயரால் முறையிடுவது? சங்கம் என்பது இக்கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளுள் ஒன்று.

வேலைநிறுத்தமும் அதன் காரணமும்

சாம்சங் ஆலையில் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கம் எதுவும் இருக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளர் ஏறத்தாழ 1,800 பேர். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர்களுள் பெரும்பாலோர் ஒன்றுகூடிச் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்னும் பெயரில் அமைப்பொன்றைத் தோற்றுவித்து, இந்தியத் தொழிற்சங்க மையமாகிய சி.ஐ.டி.யு.வுடன் இணைந்தனர். பதிவுக்கு விண்ணப்பித்தனர், பதிவு கிடைக்கவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆலைக்குச் சற்றுத் தொலைவில் எச்சூரில் பந்தலிட்டு, சீருடையோடு அமர்ந்தனர்.

ஊதியக் கோரிக்கையும் இருந்தது. மாதம் சராசரியாக ரூ.25,000 பெறுகிறோம், அது மூன்றாண்டுகளில் ரூ.36,000 ஆகவேண்டும் என்று அவர்கள் கேட்டதாக அந்நாளைய செய்திகள் கூறின. எனினும் ஊதியம் ஒன்றே காரணமென்று கொண்டால், அக்டோபரில் நடந்ததை விளக்க முடியாது. அக்டோபர் 7ஆம் நாள், தொழிலாளர் குழு ஒன்றுடன் நிர்வாகம் உடன்பாடு கண்டது, மாதம் ரூ.5,000 ஊக்கத்தொகை, குளிர்சாதனப் பேருந்துகள் முதலியன அறிவிக்கப்பட்டன. அமைச்சர்கள் அதை வரவேற்றனர். பந்தலில் இருந்தோர் அதை ஏற்கவில்லை. கையில் வைக்கப்பட்ட பணத்தை விட்டு, சம்பளமில்லாமல் மேலும் ஒரு வாரம் அமர்ந்திருந்தனர். செப்டம்பர் 16ஆம் நாள் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் செல்ல முயன்று 104 பேர் காவலில் வைக்கப்பட்டதும், அக்டோபர் 8 இரவு சிலர் வீடுகளிலிருந்தே கைதானதும், மறுநாள் பந்தல் பிரிக்கப்பட்டதும் அவர்களைக் கலைக்கவில்லை. 37 நாட்களுக்குப் பின், அக்டோபர் 15ஆம் நாள் முத்தரப்புப் பேச்சில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. வேலைக்குத் திரும்புவோர் பழிவாங்கப்படலாகாது என்றும், கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தரும் என்றும் உடன்பாடாயிற்று. சங்கத்துக்குரிய ஏற்பு அன்று கிடைக்கவில்லை.

பதிவு மறுக்கப்படவேண்டும் என்பதற்கு நிர்வாகம் முன்வைத்த காரணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. சாம்சங் என்பது தனது வணிகச் சின்னம். அதைத் தொழிலாளர் தம் சங்கத்தின் பெயரில் வைத்தல் ஆகாது என்றது நிர்வாகம். வணிகச் சின்னச் சட்டம் தடுப்பது வணிகத்தின் பொருட்டு ஒரு பெயரைக் கையாளுவதையே. சங்கம் எதையும் விற்பதில்லை என்பது தொழிலாளர் தரப்பு. நம் நாட்டில் ஆலையின் பெயரைத் தாங்கிய சங்கங்கள் எண்ணற்றவை. பதினாறு ஆண்டுகள் அப்பெயரை மார்பில் அணிந்து, அப்பெயர் பொறித்த பெட்டிகளைச் செய்தவர்கள் அப்பெயரால் கூடுதல் கூடாது என்னும் வாதம் வியப்புக்குரியதே. 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்குமாறு பதிவாளருக்கு ஆணையிட்டது. 2025 ஜனவரி 27ஆம் நாள் சங்கம் பதிவு பெற்றது. பிப்ரவரியில் பொறுப்பாளர் மூவர் தற்காலிக நீக்கம் செய்யப்பட, மறுபடியும் உள்ளிருப்புப் போராட்டம் மூண்டது. மே மாதத்தில், மூன்றாண்டுகளில் படிப்படியாக மாத ஊதியத்தில் ரூ.18,000 அளவுக்கு உயர்வு தரும் உடன்பாடு ஏற்பட்டது. பணத்தைப் பொறுத்தவரை, முதலில் கேட்டதைக் காட்டிலும் மிகுதியாகவே கிடைத்தது. ஆயினும் அது பதிவுக்குப் பின்னரே கிடைத்தது என்னும் வரிசையை மறத்தல் கூடாது.

பதிவும் ஏற்பும்

ஆயர்கள் பலர் மயங்கும் இடம் இது. ஆகவே சிறிது விரித்துரைப்போம். பதிவு என்பது அரசு தருவது. ஏற்பு என்பது நிர்வாகம் தருவது. அப்போராட்டக் காலத்தில் நடைமுறையிலிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி எழுவர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்கலாம். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஆலைத் தொழிலாளருள் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராயிருத்தல் வேண்டும். பதிவு பெற்ற சங்கம் வழக்காடலாம், சொத்து வைத்திருக்கலாம், தாவாவை எழுப்பலாம். ஆனால் நிர்வாகம் அதனுடன் பேசியே ஆகவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்பைக் கட்டாயமாக்கும் திருத்தம் 1947இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவேயில்லை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அளிக்கிறது. எனினும் பேச்சுவார்த்தையில் பயன்பெறும் உரிமை அதனுள் அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. கூடலாம், ஆனால் கேட்கப்படுவோம் என்னும் உறுதியில்லை. இந்த இடைவெளியில்தான் இப்பகுதியின் பெரும்பாலான போராட்டங்கள் பிறந்தன. ஹுண்டாயில் நெடுங்காலம் நீண்ட பூசலும், 2018இல் யமஹா, ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களும் இவ்வகையினவே.

நிர்வாகங்கள் சங்கத்துக்கு மாற்றாகத் தொழிலாளர் குழுவை முன்வைப்பது வழக்கம். இதனை ஜெர்மனியின் ஆலை மன்றத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு. நம் லுத்தரன் சபைகளின் பழைய உறவால் அந்நாட்டை அறிந்தோர் நம்மிடையே பலராகையால் இதைச் சொல்லுதல் நன்று. அங்கு ஐந்து நிரந்தரத் தொழிலாளர் உள்ள இடத்திலும், அது உணவு விடுதியாயினும் சமையற்கூடமாயினும், மன்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்போர் தொழிலாளரே. நிர்வாகம் அதைத் தடுத்தல் குற்றம். அதற்கு வெளியே தொழிற்சங்கமும் தன் வலிமையோடு நிற்கிறது. தொழிற்சங்கத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் குழுவை வைப்பது வேறொரு பொருள்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1926ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது. வருகைப் பதிவேட்டிலுள்ளோரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாகும் என்பது அதன் புதுமை. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது மறுபுறம். ஏற்புக்கு ஒரு வாயில் திறந்தது. போராட்டத்துக்குரிய வாயில் ஒடுங்கியது.

பெரம்பூரும் இன்சோனும்

சங்கம் என்பது அயலார் கொண்டுவந்து புகுத்திய சரக்கு என்று எண்ணுவோர் சென்னையின் வரலாற்றை நோக்குவாராக. இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திவந்தது வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை. வேலை முடிந்து ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர் தம் துயரங்களையும் அங்கே பேசினர். நண்பகல் உணவுக்கு விடும் நேரம் கைகழுவி உண்பதற்கும் போதவில்லை என்பது முதல் முறையீடுகளுள் ஒன்று. வழிபாட்டுக்குக் கூடிய கூட்டத்தில் சோற்றைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அது ஆன்மிகமன்று என்று அச்சபையார் தள்ளவில்லை. திரு.வி.க. அதற்கு முன் சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர் என்பதையும் நினைவுகூர்வோம். மிஷன் கல்லூரியின் தமிழாசிரியர் பெரம்பூருக்குப் போனார். மிஷன் போனதா என்பதை வாசகர் சிந்தனைக்கு விடுகிறோம். பின்னி நிர்வாகம் வாடியா முதலியோர்மீது தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் பிறப்பித்த தடையாணையே, சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தி 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது.

அதே பெரம்பூர் 1921இல் வேறொரு பாடத்தையும் கற்பித்தது. வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் பிரிந்தனர். புளியந்தோப்பில் இரத்தம் சிந்தியது. சங்கமும் ஆலயத்தைப்போலவே சாதியினின்று தானாக விடுபடுவதில்லை. சங்கத்தைப் புகழும் நாம் இதை மறைத்தல் நேர்மையன்று.

இனிக் கொரியாவுக்குச் செல்வோம். சாம்சங்கின் தாயகம் அதுவே. 1938இல் தோன்றிய அந்நிறுவனம் சங்கமில்லாமையைத் தன் கொள்கையாகவே பேணிவந்தது. 2020 மே மாதத்தில் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த லீ ஜே-யோங் பொதுமக்கள் முன் வருத்தம் தெரிவித்து அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். 2024ஆம் ஆண்டின் நடுவில் கொரியாவிலேயே சாம்சங் மின்னணுத் தொழிலாளர் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தனர். சில வாரங்களில் சுங்குவார்சத்திரம் தொடர்ந்தது.

நம் இறையியல் கல்லூரிகளில் மின்ஜுங் இறையியல் பாடமாயிருக்கிறது. மாணவர் அதைத் தேர்வுக்குப் படிக்கின்றனர். அது எங்கிருந்து பிறந்தது என்பதைச் சிலரே எண்ணிப்பார்க்கின்றனர். 1950களின் இறுதியில் கொரியத் திருச்சபைகள் தொழிற்சாலை நற்செய்திப் பணியைத் தொடங்கியபோது, முதலாளியின் அனுமதியோடு உள்ளே சென்று தொழிலாளருக்குப் பிரசங்கிப்பதே முறையாயிருந்தது. வேலை முடிந்து களைத்திருந்தோர் கட்டாயத்தின்பேரில் அமர்ந்து கேட்டனர். இது பயனற்றது என்று கண்ட ஊழியர் சிலர் தாமே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தனர். மெதடிஸ்டு போதகர் சோ வா-சூன் என்னும் அம்மையார் 1966இல் இன்சோன் நகரின் தோங்கில் நெசவாலையில் சில மாதங்கள் வேலை செய்தார். அதன்பின் அவர் பிரசங்கிப்பதைக் குறைத்துப் பெண்களின் பேச்சைக் கேட்கத் தொடங்கினார். 1972இல் அவ்வாலைப் பெண்கள் தம்முள் ஒருத்தியைச் சங்கத் தலைவராகத் தேர்ந்தனர். கொரியாவில் பெண்ணொருத்தி அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. 1978 பிப்ரவரியில் சங்கத் தேர்தலுக்கு வந்த அப்பெண்கள்மீது மலம் வீசப்பட்டது. 1970 நவம்பர் 13ஆம் நாள் சியோல் நகரில் தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிக்குமாறு வேண்டித் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்ட ஜொன் தே-இல் என்னும் இளந்தையல் தொழிலாளியும் ஒரு கிறிஸ்தவனே. அம்மரணத்தை நாம் முன்மாதிரியாகக் காட்டமாட்டோம். ஆனால் ஆன் பியுங்-மூ, சோ நாம்-தோங் ஆகிய இறையியலாளர் அந்த அதிர்ச்சிக்குப் பிறகே மாற்கு நற்செய்தியிலுள்ள திரள்கூட்டத்தைப் புதுக்கண்ணோடு வாசித்தனர். அந்த இறையியலைப் படித்த நம் மாணவர் பேருந்தில் சுங்குவார்சத்திரத்தைக் கடந்து செல்லும்போது சாம்சங் பலகையைப் பார்க்கிறார். இரண்டையும் இணைக்கும் பாலம் வகுப்பறையில் கட்டப்படவில்லை.

செலொப்பியாத்தின் குமாரத்திகள்

வேலைநிறுத்தங்களின்போது சபைகளில் கோராகின் கலகம் பிரசங்கிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறோம். கூடிவந்து தலைவரை எதிர்த்தோரைப் பூமி விழுங்கிற்று என்பது எண்ணாகமம் 16இன் பொருளாக எடுத்துரைக்கப்படுகிறது. அதே ஆகமத்தின் 27ஆம் அதிகாரம் ஏனோ எடுக்கப்படுவதில்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நிற்கின்றனர். தங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவனல்லன் என்பதை அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகின்றனர். ஏன்? கூடிவந்து கேட்பவர்மீது கோராகின் பழி விழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பின் அவர்கள் கேட்பது நிலம். ஆனால் கேட்கும் காரணம் பெயர். தகப்பனுடைய பெயர் குடும்பத்தினின்று அற்றுப்போவது ஏன் என்கின்றனர்.

மோசே இங்குத் தம் அதிகாரத்தால் தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். கர்த்தரோ அவர்கள் கேட்டது நியாயம் என்று கூறுவதோடு நில்லாமல், அந்த ஐவருக்கு மட்டுமன்றி இஸ்ரவேல் முழுமைக்கும் சட்டத்தையே மாற்றுகிறார். இவர்கள் கேட்டதைப் பிறர் எல்லாரும் பெற்றனர். கூட்டாகக் கேட்பதன் இயல்பு இது. 36ஆம் அதிகாரத்தில் குலத்தலைவர்கள் வந்து அவ்வுரிமைக்கு ஓர் எல்லை கேட்டுப் பெறுவதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. யோசுவா 17இல் அதே பெண்கள் மறுபடியும் எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்பாக நின்று, வாக்களிக்கப்பட்டதைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. கர்த்தர் ஆணையிட்ட பின்னும் இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது. பதிவு பெற்ற மறுமாதமே மீண்டும் தரையில் அமர்ந்த தொழிலாளருக்கு இவ்வசனப்பகுதி விளங்கும்.

இடர்ப்பாடுகள்

ஆயரின் நிலை எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுவோரில் பந்தலில் இருந்த தொழிலாளியும் உண்டு, அவருக்கு நீக்க ஆணையைத் தட்டச்சு செய்த மனிதவளத் துறை அலுவலரும் உண்டு. இருவருக்கும் அப்பம் ஒன்றே. இதைக் காரணம் காட்டி மௌனமாயிருத்தல் நடுநிலையாகாது. ஆலையில் பேசும் உரிமை ஏற்கெனவே ஒருவருக்கே இருக்கும்போது மௌனம் அவர் பக்கமே சாய்கிறது. எனினும் மேடையேறி முழங்குதலும் ஆயரின் முதற்பணியன்று. சட்டத்தைப் படித்தறிதல், வேலையிழந்தோர் வீட்டுக்குச் செல்லுதல், நோட்டீஸ் வாங்கியவரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குத் துணைபோதல் ஆகியவை முதலில் வரும். மனிதவள அலுவலரின் மனச்சாட்சியும் மேய்ப்புக்கு உரியதே.

சங்கம் வந்தால் ஆலை போய்விடும் என்னும் அச்சம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் நாள் மூடப்பட்டதைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அது வரித் தகராற்றினாலும், அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இவ்வாலை அதில் சேர்க்கப்படாமையாலும் மூடப்பட்டதேயன்றிச் சங்கத்தினால் அன்று. அரசியற்கட்சியின் சாயல் சங்கத்தில் இருப்பது மெய்யே. சுங்குவார்சத்திரத்திலும் சங்கத்தின் தலைவராயிருந்த இ. முத்துக்குமார் ஆலைத் தொழிலாளியல்லர், சி.ஐ.டி.யு.வைச் சேர்ந்தவர். வெளியார் சிலர் பொறுப்பேற்கச் சட்டம் தொடக்க முதலே இடமளித்துள்ளது. வேலைநீக்கத்துக்கு அஞ்சாமல் பேச ஒருவர் வேண்டும் என்பதே அதன் காரணம். செங்கற்சூளையில் வேலை செய்யாத மோசேதான் பார்வோனிடம் பேசப்போனார்.

நம்மை மேலும் உறுத்தவேண்டிய குறை வேறொன்று. வெற்றிபெற்ற சங்கம் நிரந்தரத் தொழிலாளரின் சங்கம். அதே மதிலுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், துப்புரவுப் பணியாளர், உணவுக்கூடத்தில் அரிசி களைந்து பாத்திரம் துலக்குவோர் ஆகியோரும் இருக்கின்றனர். பெரிய ஆலையில் உணவுக்கூடம் வைத்தல் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலே கட்டாயம். ஆனால் அங்குச் சமைப்பவர் ஆலையின் தொழிலாளரா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்னும் வழக்கு நீதிமன்றங்களில் பல்லாண்டுகள் நடந்து வந்திருக்கிறது. 1990இல் இரயில்வே உணவுக்கூடப் பணியாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் அவர்களை இரயில்வே ஊழியராகவே கொண்டது. 2014இல் ஏர் இந்தியா வழக்கில் அவ்வாறு கொள்ளவில்லை. புதிய சட்டத்தொகுப்பு வருகைப் பதிவேட்டை அளவுகோலாகக் கொள்வதால், ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் மட்டும் பெயர் உள்ளவர் அந்த 51 விழுக்காட்டுக் கணக்கில் எவ்வாறு இடம்பெறுவார் என்பது கடினமான கேள்வி. 2021இல் கெட்ட சோற்றை உண்டவரைப் பற்றி நாடு பேசியது. குறைந்த கூலிக்குப் பல நூறு பேருக்கு உணவு வடித்த கைகள் யாருடையவை, அவர்களுக்கு ஓய்வுநேரம் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே.

இப்பகுதியில் களப்பயிற்சிக்கு வரும் மாணவர் ஆலை வாசலோடு நில்லாமல், மூன்றாம் முறைப்பணிக்குச் சமைக்கும் பெண்கள் குடியிருக்கும் தெருவுக்கும் செல்லவேண்டும் என்பது எமது பரிந்துரை. இரவுப் பணி முடிந்து அவர்கள் வீடு திரும்புவது காலை ஏழு மணிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் அது நம் முதல் ஆராதனைக்கு மணியடிக்கும் நேரம். அவர்களுக்கென மாலை ஆராதனை ஒன்றை ஒழுங்குசெய்தலையும், அவர்களுடைய ஊதியச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டறிதலையும் களப்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கலாம்.